உடைமை இல்லா நிலவும் ஒரு மதிலும்: அனாரெஸை முன்வைத்துச் சில எண்ணங்கள்

அறிவியல் புனைகதை என்ற சொல்லைக் கேட்டதுமே தீவிர இலக்கிய வாசகர்களில் ஒரு சாரார் அதைப் பொழுதுபோக்கு எழுத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். விண்கலம், இயந்திர மனிதன், வேற்றுக்கோளினரின் படையெடுப்பு ஆகியவற்றுக்கு அப்பால் அவ்வகை எழுத்தில் எதுவும் இராது என்பது அவர்களது முடிபு. இம்முடிபை மறுபரிசீலனை செய்வதற்கு ஒரே ஒரு நாவலைப் பரிந்துரைக்கச் சொன்னால், அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவின் 1974-இல் வெளியிட்ட ‘தி டிஸ்பொசஸ்டு’ நாவலையே நாம் சொல்வோம். ‘உடைமை நீத்தோர்’ என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். ‘உடைமை பறிக்கப்பட்டோர்’ என்றும் ஆக்கலாம். தாமே விட்டவர்களா, இழந்தவர்களா என்னும் இந்த ஐயம் நாவல் முழுவதும் தொடர்கிறது.

நாவலின் களம் அனாரெஸ் என்னும் நிலவு. அரசு, பணம், சட்டம், சிறை ஆகிய எவையும் இல்லாமல் ஒரு சமூகம் அங்கே குடியேறி ஏறத்தாழ 170 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. இந்நிலவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்கின்றனர். இது அரசின்மைவாதத்தின் வெற்றியைக் காட்டும் சித்திரம் என்பது ஓர் அணி. அத்தகைய சமூகமும் இறுதியில் உறைந்து கெட்டுப்போகும் என்பதற்கான சான்று என்பது மற்றோர் அணி. இரண்டு வாசிப்புகளும் நாவலின் மையத்தைத் தவறவிடுகின்றன என்று நாம் கருதுகிறோம். உடைமையை ஒழித்ததால் அனாரெஸ் தோற்கவில்லை. அது ஒழிக்காமல் விட்ட ஓர் உடைமையால்தான் அதற்குச் சிக்கல் நேர்கிறது. அந்த உடைமை எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மனித இனம் ஹைன் என்ற கோளிலிருந்து பல விண்மீன் மண்டலங்களுக்குப் பரவியது என்ற அடிப்படையில் லெ குவின் பல நாவல்களையும் கதைகளையும் எழுதினார். அவற்றுள் ‘ரோக்கனன்ஸ் வேர்ல்டு’ 1966-இலும், ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ 1969-இலும் வெளிவந்தன. அந்த அண்டத்தில் டௌ செட்டி என்ற விண்மீனைச் சுற்றிவரும் இரட்டை உலகங்கள் உர்ராஸும் அனாரெஸும். டௌ செட்டி கற்பனை விண்மீன் அன்று. நம்மிடமிருந்து ஏறக்குறைய 12 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள உண்மையான விண்மீன். உர்ராஸ் காடும் கடலும் வயலும் நிறைந்த செழிப்பான கோள். அனாரெஸ் வறண்டது. அதன் நிலத்தில் விலங்கினம் தோன்றவே இல்லை. கடலில் மீன்கள் உண்டு. ஹோலம் என்ற ஒருவகை மரமே துணிக்கும் தாளுக்கும் உணவுக்கும் ஆதாரம். உர்ராஸின் வானில் அனாரெஸ் நிலவாகத் தெரிகிறது. அனாரெஸின் வானில் உர்ராஸ் நிலவாகத் தெரிகிறது. எது கோள், எது நிலவு என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

குடியேற்றத்தின் வரலாறும் விந்தையானது. உர்ராஸில் ஆ-இயோ என்ற செல்வ நாட்டில் ஓடோ என்ற பெண் சிந்தனையாளர் தோன்றுகிறார். ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிக்கிறார். அவருடைய எழுத்துகளால் கவரப்பட்ட மக்கள் பெருந்திரளாக எழுகின்றனர். அந்த எழுச்சியை அடக்க முடியாத அரசுகள், ‘நிலவை உங்களுக்கே தருகிறோம், போய்விடுங்கள்’ என்று பேரம் பேசி அவர்களை அனுப்பிவைக்கின்றன. பன்னிரண்டு கப்பல்கள் இருபது ஆண்டுக்காலம் சென்றும் வந்தும் பத்து இலட்சம் பேரைக் கொண்டுசேர்க்கின்றன. பிறகு குடியேற்றத்துக்குத் துறைமுகம் மூடப்படுகிறது. ஓடோ இவற்றில் எதையும் காணவில்லை. புரட்சிக்கு முன்பே இறந்துவிடுகிறார். அவரது கடைசி நாளை ‘தி டே பிஃபோர் தி ரெவலூஷன்’ என்ற சிறுகதையாக லெ குவின் 1974-இலேயே எழுதினார். பால் குட்மன் என்ற அமெரிக்க அரசின்மைவாதியின் நினைவுக்கு அக்கதை உரித்தாக்கப்பட்டிருக்கிறது. ஓடோவின் சிந்தனைக்குப் பின்னால் தொடக்ககாலத் தாவோ மரபும் குரோபோட்கினும் எம்மா கோல்ட்மனும் இருப்பதை ஆசிரியரே அதன் முன்குறிப்பில் சொல்லியிருக்கிறார்.

ஆக, அனாரெஸ் வென்று பெற்ற மண் அன்று. கிளர்ச்சிக்காரர்களின் தொல்லை நீங்குவதற்கு ஆட்சியாளர்கள் கொடுத்த விலை. அது வெற்று நிலமும் அன்று. அதற்கு முன்பே உர்ராஸ்காரர்கள் அங்கே சுரங்கம் அமைத்திருந்தனர். குடியேற்றத்துக்குப் பின்னும் ஆண்டுக்கு எட்டு முறை உர்ராஸின் சரக்குக் கப்பல்கள் வருகின்றன. பாதரசம், செம்பு, அலுமினியம், யுரேனியம், வெள்ளீயம், தங்கம் ஆகியவை ஏற்றப்படுகின்றன. எண்ணெயும் நுண்பொறி உறுப்புகளும் இறக்கப்படுகின்றன. விடுதலை பெற்ற அனாரெஸ் உண்மையில் உர்ராஸின் சுரங்கக் குடியேற்றமே என்று நாவல் மூடிமறைக்காமல் சொல்கிறது. உர்ராஸ் நினைத்தால் ஒரு நாளில் இந்நிலவை அழித்துவிடலாம். அதைவிட வணிகம் மலிவானது என்பதால்தான் விட்டுவைத்திருக்கிறது. இலட்சிய உலகைப் படைக்கும் எழுத்தாளர் எவரும் பொதுவாக இவ்வளவு நேர்மையாகக் கணக்கு காட்டுவதில்லை.

தாமஸ் மோர் 1516-இல் எழுதிய ‘யுடோபியா’வை இங்கே நினைவுகூரலாம். அதில் யுடோபஸ் என்ற மன்னன் நிலப்பகுதியோடு ஒட்டியிருந்த தன் நாட்டைக் கால்வாய் வெட்டித் தீவாக்குகிறான். இலட்சிய நாட்டுக்கு முதல் தேவை பிற நாட்டிலிருந்து துண்டித்துக்கொள்வது என்ற எண்ணம் அங்கேயே வேரூன்றிவிடுகிறது. மோரின் தீவில் பொன்னுக்கு மதிப்பில்லை. ஆனால் இழிவெனக் கருதப்படும் வேலைகளைச் செய்ய அடிமைகள் உண்டு. அனாரெஸில் அடிமைகள் இல்லை. கழிவு அள்ளுவது, சாலை போடுவது போன்ற பொது வேலைகளைப் பத்து நாளுக்கு ஒரு நாள் எல்லோரும் முறைவைத்துச் செய்கின்றனர். அந்த வகையில் லெ குவின் மோரைத் தாண்டிவிடுகிறார். ஆனால் கால்வாயைத் தாண்டினாரா?

இன்னொரு நிலவையும் ஒப்பிடலாம். ராபர்ட் ஹைன்லைனின் ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ 1966-இல் நூலாக வந்தது. நம் பூமியின் நிலவே அதில் குற்றவாளிகளின் குடியேற்றமாக இருக்கிறது. நிலவில் விளையும் தானியம் பூமிக்கு, குறிப்பாக இந்தியாவுக்கு, எறியப்படுகிறது. 2076-இல் நிலவு மக்கள் கிளர்ந்தெழுந்து விடுதலை பெறுகின்றனர். ஹைன்லைனுடைய நிலவு, தன் விளைபொருளைத் தானே விற்கும் உரிமைக்காகப் போராடுகிறது. லெ குவினின் நிலவு விற்பதையும் வாங்குவதையும் விட்டொழிப்பதற்காகவே உருவானது. எட்டு ஆண்டு இடைவெளியில் ஒரே நாட்டில் எழுந்த இவ்விரு நாவல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு விடுதலை என்ற சொல்லின் இரு எதிர்முனைகள் விளங்கும். ஹைன்லைன் விடுதலை கிடைத்ததோடு ஏறக்குறைய நிறுத்திக்கொள்கிறார். விடுதலைக்குப் பின் 170 ஆண்டுகள் கழித்து என்ன ஆகும் என்று கேட்பவர் லெ குவின்.

*

தமிழ் இலக்கணம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அனாரெஸில் மிகவும் சுவையாக இருந்தது அதன் மொழி. குடியேறியவர்கள் பழைய மொழிகளைக் கைவிட்டு பிராவிக் என்ற புதுமொழியை ஆக்கிக்கொள்கின்றனர். அதில் வேலைக்கும் விளையாட்டுக்கும் ஒரே சொல். சலிப்பூட்டும் கடும் உழைப்புக்குத்தான் தனிச்சொல். ஆட்பெயரைக் கணிப்பொறி வழங்குகிறது. உயிரோடிருக்கும் இருவருக்கு ஒரே பெயர் இராது. குடும்பப் பெயர் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, உடைமைச் சொற்கள் பேச்சில் அருகிவிட்டன. ‘என் அம்மா’ என்று சொல்லும் குழந்தை விரைவில் ‘அம்மா’ என்று மட்டும் சொல்லப் பழகுகிறது. தன் கை வலிப்பதைச் சொல்லும்போதும் ‘என்’ என்ற சொல் வருவதில்லை.

ஆங்கில வாசகருக்கு இது திடுக்கிட வைக்கும் புதுமை. தமிழ் வாசகருக்கோ இதில் புதுமையே இல்லை. ‘அம்மா வந்துவிட்டாள்’ என்றும், ‘கை வலிக்கிறது’ என்றும் நாம் நாள்தோறும் சொல்கிறோம். யாருடைய அம்மா, யாருடைய கை என்று எவரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் உள்ளதுபோல் ‘வைத்திருத்தல்’ என்பதற்கு ஒரு பொதுவினை அன்றாடத் தமிழில் இல்லை. ‘எனக்கு ஒரு வீடு இருக்கிறது’ என்றுதான் சொல்கிறோம். வாக்கியத்தில் எழுவாயாக நிற்பது வீடு. நாம் நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறோம். ஆறாம் வேற்றுமையைப் பற்றிப் பேசும்போதும் நம் இலக்கணிகள் உடைமையை ஒரே பொருளாகக் கருதவில்லை. ‘கண்ணனது கை’ என்பது தற்கிழமை, பிரிக்க முடியாதது. ‘கண்ணனது வீடு’ என்பது பிறிதின்கிழமை, பிரிந்து போகக்கூடியது. அனாரெஸ் மக்கள் பிறிதின்கிழமையை ஒழிக்க முற்பட்டு, தற்கிழமையையும் பேச்சிலிருந்து அகற்றியவர்கள் என்று நம் வகுப்பறை மொழியில் சொல்லலாம்.

மொழி மனத்தை மாற்றும் என்று ஓடோவின் வழித்தோன்றல்கள் நம்பினர். அந்த நம்பிக்கையை நாம் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டை எழுவாயாக்கிப் பேசும் தமிழர்கள் வரப்புத் தகராறு இல்லாமல் வாழ்ந்ததாக வரலாறு இல்லை. சொல்லை நீக்கினால் பொருளும் நீங்கிவிடும் என்பது மொழியறிஞரின் பேராசை. லெ குவின் அந்தப் பேராசைக்கு ஆட்படவில்லை. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபரின் மகளாக வளர்ந்தவர் அவர். ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது வேறு, அது உண்மையில் நடந்துகொள்வது வேறு என்பதை அறிந்தவர். ஆகவேதான், உடைமைச் சொல் இல்லாத மொழியைப் படைத்த கையோடு, அந்த மொழியிலேயே உடைமை எப்படித் திரும்பி வருகிறது என்பதையும் விரிவாக எழுதிக்காட்டுகிறார்.

திரும்பி வரும் வழிகளில் முதன்மையானது சாபுல் என்ற பாத்திரம். அபெனே நகரத்தில் இயற்பியல் துறையின் மூத்த அறிஞர். அவருக்குப் பதவி கிடையாது, ஊதியம் கிடையாது, ஆணையிடும் அதிகாரம் கிடையாது. ஆயினும் எந்த நூல் அச்சேற வேண்டும், எந்தக் கடிதம் உர்ராஸுக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் கையில் இருக்கிறது. நாவலின் நாயகன் ஷெவெக் காலத்தைப் பற்றிய புதிய கோட்பாடு ஒன்றை உருவாக்கும் இளம் இயற்பியலாளன். அவனுடைய நூல் வெளிவர வேண்டுமானால் அட்டையில் தம் பெயரும் இருக்க வேண்டும் என்பது சாபுலின் நிபந்தனை. சாபுலின் புகழுக்குக் காரணமான கருத்துகளோ உர்ராஸ் நூல்களிலிருந்து எடுத்தாண்டவை. பல்கலைக்கழகச் சூழலை அறிந்த வாசகர்களுக்குச் சாபுலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மாணவர் எழுதிய கட்டுரையில் நெறியாளரின் பெயர் முன்னால் வந்து அமர்ந்துகொள்ளும் அதிசயத்தை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். வேறுபாடு ஒன்றுதான். நம் நாட்டில் எதிர்த்து முறையிட ஒரு குழுவோ வழக்குமன்றமோ பெயரளவிலாவது உண்டு. அனாரெஸில் சாபுலுக்கு அதிகாரம் இருப்பதாக யாரும் ஒப்புக்கொள்வதே இல்லை. இல்லாத அதிகாரத்தை எதிர்த்து எங்கே போய் முறையிடுவது?

அடுத்தது திரின். ஷெவெக்கின் இளமைக்கால நண்பன். ஒரு நாடகம் எழுதுகிறான். பகடி கலந்த நாடகம். அதைத் தடைசெய்யச் சட்டமில்லை. யாரும் தடைசெய்யவும் இல்லை. ஊர் முகம் சுளிக்கிறது, கண்டிக்கிறது. அவனுக்கேற்ற வேலை கிடைப்பதில்லை. முடிவில் மனநலக் காப்பகத்தில் சேர்கிறான். அதன்பின் அதே நாடகத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறான். சாலஸ் என்ற இசைஞனின் கதையும் இத்தகையதே. அவனுடைய இசை புதிது. இசைக் குழுமத்துக்குப் பிடிக்கவில்லை. ஆகவே அவனுக்கு இசைப்பணி கிடைப்பதில்லை. வேறு கூலிவேலை கிடைக்கிறது. எவரும் அவனை ஒடுக்கவில்லை. ஆனாலும் அவன் இசை ஒலிக்கவில்லை.

அனாரெஸில் வேலையைப் பகிர்ந்தளிக்க ஒரு கணிப்பொறி மையம் உண்டு. அது தரும் வேலையை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். கொள்கையளவில் இதைவிடப் பெரிய உரிமை இருக்க முடியாது. ஆனால் மறுத்தவனை அயலார் எப்படிப் பார்ப்பார்கள் என்ற அச்சம் அந்த உரிமையை மெல்ல அரித்துவிடுகிறது. கொடும் வறட்சி ஏற்படுகிறது. ஷெவெக்கும் அவன் துணைவி தாக்வெரும் வெவ்வேறு இடங்களுக்கு வேலைக்கு அழைக்கப்பட்டு நான்காண்டுகள் பிரிந்திருக்கின்றனர். அவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மறுத்திருக்கலாம். மறுக்க முடியவில்லை. பஞ்சக் காலத்தில், யாருக்கு முழு உணவு, யாருக்குக் குறைந்த உணவு என்று பட்டியல் போடும் வேலை ஷெவெக்குக்கு வருகிறது. அந்த வேலையை மட்டும் அவன் விட்டுவிடுகிறான். யார் பட்டினி கிடக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் பட்டியலைத் தன் கையால் எழுத முடியாது என்பது அவன் நிலை. நாவலில் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்த இடம் இது. அரசில்லாத நிலவிலும் பட்டியல் எழுத ஆள் தேவைப்படுகிறது. அதை மறுப்பதற்கும் ஆள் தேவைப்படுகிறது.

சட்டம் இருக்கும் இடத்தில் அதை மீறலாம். மீறியவருக்குத் தண்டனையோடு ஒருவகைப் பெருமையும் கிடைக்கும். அயலாரின் அபிப்பிராயமே சட்டமாகிவிட்ட இடத்தில் மீறுவதற்கு எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாத கோட்டைத் தாண்டியவருக்கு வெட்கம் மட்டுமே மிஞ்சும். சிற்றிதழ்க் குழுக்களிலும் வாசகர் வட்டங்களிலும் பழகியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. ‘நம்மிடையே தலைவர் கிடையாது’ என்று அறிவிக்கும் குழுவில் எவருடைய முகக்குறிப்பைப் பார்த்து மற்றவர்கள் பேசுகிறார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

*

அனாரெஸ் மீது எழுப்பப்படும் மறுப்புகளையும் இங்கே எதிர்கொள்ள வேண்டும். அங்கே எல்லோரும் சமமாக இருப்பதற்குக் காரணம் கொள்கை அன்று, வறுமைதான். பகிர்ந்துகொள்ள எதுவும் இல்லாத இடத்தில் பகிர்வது எளிது என்பது முதல் மறுப்பு. நாவலே இதற்கு விடை சொல்கிறது. பஞ்சக் காலத்தில் உணவு ஏற்றிச்செல்லும் வண்டியைப் பசித்த ஊர் மறிக்கிறது. பற்றாக்குறை சமத்துவத்தைத் தானாக விளைவிப்பதில்லை. அதைக் கடுமையாகச் சோதிக்கிறது. 170 ஆண்டுகள் அச்சோதனையில் பெருமளவுக்குத் தேறியிருக்கிறார்கள் என்பதே நாவலின் மதிப்பீடு.

இரண்டாவது மறுப்பு அழகியல் சார்ந்தது. சாமுவேல் டெலானி 1977-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பில் இந்நாவலை நெடிய ஆய்வுக்கு உட்படுத்தினார். கருத்தைச் சொல்லும் வேகத்தில் பாத்திரங்கள் மெலிந்துவிடுகின்றன என்ற குறை அதில் உண்டு. ஷெவெக்கின் நண்பனும் தன்பாலீர்ப்பாளனுமாகிய பெடாப் சித்திரிக்கப்பட்டுள்ள விதத்தையும் அவர் வினவுகிறார். எல்லாப் பால்விருப்பமும் இயல்பென ஏற்கப்படும் சமூகம் என்று சொல்லிவிட்டு, அந்த ஒருவனை மட்டும் தனியனாக ஏங்கவிடுவானேன் என்பது நியாயமான கேள்வி. லெ குவின் சில இடங்களில் பாத்திரங்களை மேடையேற்றிப் பேசவைக்கிறார் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பெரும் விருதுகளையும் பெற்ற இந்நாவல், அரைநூற்றாண்டு கடந்தும் விவாதிக்கப்படுவதற்குக் காரணம் விருதுகள் அல்ல. தன் கனவின் மீதே அது எழுப்பும் கேள்விகள்தாம். ‘ஈரடியானதோர் இலட்சிய உலகு’ என்ற துணைத்தலைப்பு அதற்கு வெறும் அலங்காரமாக அமையவில்லை.

நாம் தொடக்கத்தில் சொன்ன, ஒழிக்கப்படாமல் எஞ்சிய உடைமைக்கு இனி வருவோம். நாவல் ஒரு மதிலில் தொடங்குகிறது. உர்ராஸ் கப்பல்கள் இறங்கும் துறைமுகத்தைச் சுற்றிய மதில் அது. உயரமில்லை; சிறுவர்கள்கூட ஏறிவிடலாம். கப்பலில் வருவோர் எவரும் அந்த மதிலைத் தாண்டக் கூடாது என்பது குடியேற்ற உடன்படிக்கை. ஒருபுறமிருந்து பார்த்தால் அது துறைமுகத்தை அடைக்கிறது. மறுபுறமிருந்து பார்த்தால் நிலவு முழுவதையும் அடைக்கிறது. ஷெவெக் தன் ஆய்வை முன்னிட்டு உர்ராஸுக்குப் புறப்படும் நாளில் அங்கே கூட்டம் திரள்கிறது. துரோகி என்கிறது, கல்லெறிகிறது. காவலுக்கு நின்ற ஒருவர் கல்லடிபட்டு இறக்கிறார். உடைமை இல்லாத மக்கள் எதைக் காக்கக் கல்லெடுத்தார்கள்?

இதற்கு விடை சொல்ல ஆங்கிலத்தைவிடத் தமிழே வசதியானது. தன்மைப் பன்மைக்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் உண்டு. நம்மிடம் இரண்டு. கேட்பவரையும் உளப்படுத்துவது ‘நாம்’. கேட்பவரை விலக்குவது ‘நாங்கள்’. ஓடோ கனவு கண்டது உர்ராஸ் மக்கள் அனைவருக்குமான ‘நாம்’. நிலவைப் பெற்றுக்கொண்டு கப்பலேறியபோது அது ‘நாங்கள்’ ஆகிவிட்டது. வீட்டையும் நிலத்தையும் பெயரையும் துறந்த மக்கள் அந்த ‘நாங்கள்’ என்ற ஒன்றை மட்டும் துறக்கவில்லை. தங்கள் தூய்மையைத் தங்கள் சொத்தாக்கிக்கொண்டார்கள். சாபுலின் சூழ்ச்சியும், திரினுக்கு நேர்ந்த கதியும், ஷெவெக்கின் மகள் சாதிக்கைச் சக குழந்தைகள் ஒதுக்கிவைக்கும் கொடுமையும் அந்தச் சொத்தைக் காக்கும் முயற்சியிலிருந்தே பிறக்கின்றன. வெளியே இருப்போர் அனைவரும் உடைமைவெறியர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே மாறுபட்டுப் பேசுபவரும் உடைமைவெறியராகத்தான் தெரிவார். அந்தச் சொல்லே அவர்களது மொழியில் பெரும் வசை.

ஷெவெக்கின் பயணத்தை இந்தக் கோணத்தில் பார்த்தால் அதன் வடிவம் துலங்கும். உர்ராஸில் அவனுக்கு வரவேற்பும் வசதியும் கிடைக்கின்றன. அவனுடைய கோட்பாட்டை ஆ-இயோ அரசு தன் உடைமையாக்க விரும்புகிறது. வீதியில் இறங்கிய உழைக்கும் மக்கள் வானிலிருந்து சுடப்படுவதையும் அவன் காண்கிறான். இறுதியில் பூமியின் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து, தன் கோட்பாட்டை எல்லா உலகங்களுக்கும் ஒருங்கே அளித்துவிடுகிறான். ஒளியின் வேகத்துக்குக் கட்டுப்படாமல் உடனுக்குடன் செய்தி அனுப்பும் ‘ஆன்சிபிள்’ கருவிக்கு அடிப்படை அந்தக் கோட்பாடுதான். லெ குவின் 1966-இலேயே தம் முதல் நாவலில் பெயரிட்டுவிட்ட கருவி அது. எட்டு ஆண்டுகள் கழித்து அதன் பிறப்பை எழுதுகிறார். உலகங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான கருவி, பேச மறுத்த நிலவிலிருந்து வருகிறது. அவன் திரும்பும்போது ஹைன் கப்பலைச் சேர்ந்த கெதோ என்பவர் தாமும் உடன் இறங்க விரும்புகிறார். ஷெவெக் அவருக்கு இடரை எடுத்துச்சொல்கிறான், தடுக்கவில்லை. மதிலுக்கு உள்ளே முதன்முறையாக ஓர் அயலார் நடக்கப்போகிறார். ‘நாங்கள்’ என்பது ‘நாம்’ ஆகத் தொடங்கும் இடத்தில் நாவல் முடிகிறது. ஆகவே இது அனாரெஸின் தோல்விக் கதை அன்று. அங்கே பிறந்து அங்கே கற்ற ஒருவன், அக்கொள்கையை அதன் காவலர்களைவிட ஆழமாக நம்பியதால் செய்த காரியத்தின் கதை.

லெ குவின் 2018 ஜனவரியில் மறைந்தார். அவர் கேட்ட கேள்வி இப்போது புனைகதையை விட்டு நம் தலைக்கு மேலுள்ள நிலவுக்கே வந்துவிட்டது. எந்த நாடும் நிலவைத் தனதாக்கிக்கொள்ள முடியாது என்று 1967-ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கை சொல்கிறது. 1979-இல் உருவான நிலவு உடன்படிக்கை இன்னும் ஒருபடி மேலே சென்று, நிலவின் வளங்களை மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றது. விண்வெளிப் பயணத்தில் முன்னிற்கும் வல்லரசுகள் அதில் சேரவில்லை. இந்தியா 1982-இல் கையொப்பமிட்டதோடு நின்றுவிட்டது. 2015-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், விண்வெளியில் தோண்டியெடுத்த பொருளைத் தன் குடிமக்கள் உடைமையாகக் கொள்ளலாம் என்றது. 2020-இல் வந்த ஆர்ட்டெமிஸ் ஒப்பந்தமும் வளங்களை எடுப்பது மட்டுமே நிலத்தைத் தனதாக்குவதாகாது என்ற நிலைப்பாட்டைக் கொண்டிருக்கிறது. 2023 ஜூனில் இந்தியா அதில் இணைந்தது. இரண்டு மாதம் கழித்து ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கியது.

நிலவு யாருக்கும் உரியதன்று, ஆனால் அதிலிருந்து எடுத்தது எடுத்தவருக்கே உரியது என்பதுதான் இன்று வலுப்பெற்றுவரும் வழக்கு. அனாரெஸுக்கும் உர்ராஸுக்கும் இடையே நிலவிய ஏற்பாடு ஏறக்குறைய இதுவே. மண் எவருடையதும் அன்று. தாதுப்பொருள் கப்பலில் ஏறிப் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே நிலவில் உடைமை உண்டா இல்லையா என்று வாதிடுவதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. பொதுச்சொத்து என்று சொல்லும் ஒவ்வோர் ஆவணத்திலும் அந்தப் பொதுவில் யார் யார் அடக்கம் என்று கேட்க வேண்டும். ‘நாம்’ என்று எழுதிவிட்டு ‘நாங்கள்’ என்று பொருள்கொள்ளும் ஆவணங்களை அடையாளம் காண, தமிழ் கற்றவர்க்குக் கூடுதல் தகுதி இருக்கிறது. அத்தகுதியை அரசியலில் காட்டுவதற்கு முன், நம் சொந்தக் குழுக்களிலும் துறைகளிலும் இதழ்களிலும் காட்டிப் பழகலாம். ‘தி டிஸ்பொசஸ்டு’ இன்னும் முழுமையான வாசிப்பைப் பெறவேண்டிய நாவல். நண்பர்கள் படித்துவிட்டு மாறுபட்டு எழுதினால், இக்கட்டுரையை எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்கள் ஆவோம்.